வீட்டுக்கால், வெளிக்கால்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு மறுவாழ்வு ஆலோசகர் என்று வாய் நிறைய ஒரு பெயர் இருக்கிறது. உட்கார நாற்காலி, படித்ததற்குப் பட்டம், கதவில் பலகை எல்லாம் இருக்கிறது. நான் சேர்ந்தபோது இந்த வேலைக்குப் பெயரே கிடையாது. கோயமுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே கால் எடுக்கப்பட்டவர்களைக் கட்டைக்காலோடு பழக்கி, அவரவர் ஊர் வரைக்கும் கூடப் போய் விட்டுவிட்டு வருவது என் பொறுப்பு. சம்பளத்துக்கு என்னை வார்டு ஆயாக்களோடு சேர்த்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஆனைமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள் என்பதால் நோயாளிகள் என்னைக் ‘கால் டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் பழகிவிட்டது.

கட்டைக்காலை எப்படி மாட்டுவது, எங்கே அழுத்தினால் புண்ணாகும் என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள். அதைச் சொல்லி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. மயிலாத்தாள் என்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கோயமுத்தூர் மில்களுக்குப் பைகாராவிலிருந்து மின்சாரம் வந்த புதிது அது. அவளுடைய ஊரில் இன்னும் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டித்தான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டங்காடு உள்ள குடும்பம். கடலைக்காட்டில் விரியன் கடித்துவிட்டது. விஷம் ஏறாமல் இருக்க முழங்காலுக்குக் கீழே கயிற்றை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கட்டினவர்கள் அவிழ்க்க மறந்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது, கால் கறுத்துப்போனது. வண்டியில் போட்டு எங்களிடம் கொண்டுவந்தபோது எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இருபதைத் தொட்டிருப்பாளோ என்னவோ, அவ்வளவு சின்னப் பெண். கல்யாணமாகி இன்னும் குழந்தை இல்லை.

அவளுடைய புருஷன் குமாரசாமி வாயில்லாப் பூச்சி. வாரம் தவறாமல் பஸ் பிடித்து வருவான். வார்டு வராந்தாவில் குந்திக்கொண்டு, கொண்டுவந்த கடலையை உரித்து உரித்து அவள் கையில் கொடுப்பான். இரண்டு பேரும் பேசி நான் பார்த்ததில்லை. பொழுது சாய்ந்தால், “அப்ப நான் வாரனுங்க டீச்சர்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவான். அவளிடம் அதுகூடச் சொல்ல மாட்டான்.

காயம் ஆறியதும் அவளுக்குக் கால் செய்தோம். அந்த நாளில் கால் என்றால் இதுதான்: மரத்தில் குடைந்த கெண்டைக்கால், தொடையைச் சுற்றி இறுக்கிக் கட்ட ஒரு தோல் பட்டை, இரண்டையும் சேர்க்கப் பக்கத்துக்கு ஒரு இரும்புக் கீல், அடியில் ஒரு பூட்ஸ். பூட்ஸைக் கழற்ற முடியாது, காலோடு சேர்த்து அடித்திருக்கும். சீமையில் அப்படித்தான் செய்தார்கள், எங்கள் டாக்டரம்மா அங்கே படித்தவர், நாங்களும் அப்படியே செய்தோம். மயிலாத்தாள் கெட்டிக்காரி. ஆஸ்பத்திரியின் வழவழப்பான வராந்தாவில் சீக்கிரமே ஊன்றுகோலை வீசிவிட்டு நடந்தாள். நர்ஸ்கள் எல்லாரும் கைதட்டினார்கள். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

கார்த்திகை பாதியில் அவளை ஊருக்குக் கொண்டுபோய் விடக் கிளம்பினேன். காங்கேயம் வரை பஸ், அங்கிருந்து அவர்கள் வீட்டு மாட்டுவண்டி. இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் கிறிஸ்தவள். என் அப்பனும் பாட்டனும் அந்த மாதிரித் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். நான் நாலு எழுத்துப் படித்துக் குடையும் செருப்புமாகப் போனதால் டீச்சர் என்று மரியாதை கொடுப்பார்கள். அந்த மரியாதை வாசலோடு நின்றுவிடும். வீட்டுப் படி ஏற மாட்டேன், ஏறச் சொல்லவும் மாட்டார்கள். என் நோயாளி நடக்கப் போகிற அடுப்படி எப்படி இருக்கும் என்று என் கண்ணால் பார்க்கவே முடியாது. இன்றைக்கு நீங்கள் யார் வீட்டுக்குள்ளும் நேரே போய் நிலைப்படியின் உயரத்தை அளக்கிறீர்கள். அந்த அருமை உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

வாசலில் பெரிய கூட்டம். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி ஆரத்தி சுற்றிக் கொட்டினாள். மாமியார் நிலையை ஒட்டி உள்ளே தள்ளி நின்றார். அவர் புருஷனை இழந்தவர், வெள்ளைச் சேலைக்காரர். நல்ல காரியம் எதிலும் முன்னால் வர மாட்டார். முகமெல்லாம் சிரிப்பாக, பழக்கத்தில் வாய்க்கு வந்தபடி, “செருப்ப உட்டுப்போட்டு உள்ள வா கண்ணு” என்றார்.

மயிலாத்தாள் நின்றுவிட்டாள். எல்லாரும் அவள் காலைப் பார்த்தார்கள். குமாரசாமியின் சித்தப்பா ஒருவர் கூட்டத்தில் இருந்தார். அண்ணன் போன பிறகு அந்தக் குடும்பத்துக்கு ஆண் துணை என்று பேர் சொல்லிக்கொண்டு எதிலும் மூக்கை நுழைக்கிறவர். அவர்தான் சிரித்தார்.

“செருப்பு மட்டுமில்லீங்க அண்ணி, காலே அதுதான். தொடை வரைக்கும் மாட்டுத்தோலு. அதோட அடுப்படிக்குப் போயி ஒல வெக்கப் போறாளாக்கும்.”

மாமியாரின் சிரிப்பு போய்விட்டது. “சாமி கும்புடற ஊடுங்க. நான் என்னங்க பண்ணட்டும்?” என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

மயிலாத்தாள் படியில் உட்கார்ந்தாள். முந்தானையால் மறைத்துக்கொண்டு தொடைக் கட்டை அவிழ்த்தாள். காலைக் கழற்றி, அங்கே வரிசையாகக் கிடந்த செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தாள். பிறகு இரண்டு கையையும் ஊன்றி நகர்ந்து நகர்ந்து வீட்டுக்குள்ளே போனாள். ஆஸ்பத்திரியில் கைதட்டல் வாங்கிய நடை அந்தப் படியோடு முடிந்துபோனது.

அப்போதுதான் சித்தப்பா உள்ளதைச் சொன்னார். தை பிறந்தால் பட்டிப் பொங்கல் வருகிறது. மாடு கன்றுகளுக்கு வைக்கிற பொங்கல். காங்கேயம் மாடு வைத்திருக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய நாள் இல்லை. பட்டியில் பானை ஏற்றுவது சுமங்கலிதான். இந்த வீட்டில் மாமியார் ஏற்ற முடியாது, மருமகளுக்கு நடக்க முடியாது. ஆகையால் குமாரசாமிக்கு இன்னொரு பெண்ணைக் கட்டி வைப்பது என்று அவர் பேசி வைத்திருந்தார். பெண் அவருடைய மச்சினன் மகள். “இவளையும் ஒரு ஓரமா வெச்சுச் சோறு போடலாமுங்க. ஆரு வேண்டாங்கறா?” என்றார். குமாரசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது கேளுங்கள். நான் நின்ற இடத்திலிருந்து அவர்கள் கிணறு தெரிந்தது. கவலை ஓடிக்கொண்டிருந்தது. மொண்டு வருகிற சாலின் அடியில் தைத்திருந்த நீளமான மாட்டுத்தோல் வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர்தான் அந்த வீட்டு அடுப்பில் உலையாகக் கொதிக்கிறது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று என் நாக்கு துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும். நான் இயல்பிலேயே வாய்க்காரி. சொல்லியிருந்தால் சித்தப்பா வாயடைத்துப் போயிருப்பார். கூட்டத்தில் நாலு பேர் சிரித்திருப்பார்கள். நான் ஜெயித்துவிட்டுக் காங்கேயத்துக்கு வண்டி ஏறியிருப்பேன். ஆனால் ஒரு கூலிக்காரன் மகள் வாசலில் நின்று தங்களை மடக்கினாள் என்கிற அவமானத்தை அந்த வீடு யார் தலையில் இறக்கும்? உள்ளே நகர்ந்து போனாளே, அவள் தலையில்தான். ஜெயிக்கிறது எனக்கும் தோற்கிறது அவளுக்கும் என்றால் அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன். விழுங்கியது கசந்தது.

அதற்குப் பதிலாக மாமியாரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டேன். சித்தப்பாவைப் பார்க்கவே இல்லை.

“ஏனுங்க அம்மணி, தோலும் வேண்டாம், பூட்சும் வேண்டாம். வெறும் மரத்துல ஒரு காலு செஞ்சா அது உள்ள வரலாமுங்களா?”

அவர் யோசித்தார். அந்தம்மாள் கெட்டவர் இல்லை என்பது அந்த யோசனையிலேயே எனக்குத் தெரிந்தது.

“மரத்துலயா?” என்றார். “உலக்கை மரந்தானுங்க. ஊட்டுக்குள்ள சுவரோரமாத்தான் நிக்குது. நானே தெனமும் தொடறேன். மரமுன்னா வரட்டும்.”

“கட்டறதுக்குத் துணி வெச்சுக்கலாமுங்களா?”

“துணியில என்னங்க இருக்குது? நாம உடுத்தறதும் துணிதானுங்களே.”

சித்தப்பா விடவில்லை. “வாயில ஆரு வேணுமின்னாலும் காலு செய்யலாமுங்க. பட்டிப் பொங்கலன்னிக்குப் பானையத் தூக்கிக்கிட்டு வந்து அவளே அடுப்புல ஏத்தட்டும். இல்லீன்னா அந்தப் புள்ளைய முடிச்சுப்போடலாம்.”

“செரிங்க” என்றார் மாமியார். அவ்வளவுதான் பேச்சு. மயிலாத்தாளை மறுபடியும் வண்டியில் ஏற்றினோம்.

வழியில் அவளைக் கேட்டேன். “ஏம்மா, தோலு உள்ள வரக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“மொத நாளே தெரியுமுங்க டீச்சர்” என்றாள். “நீங்க அத்தன பேரும் பாடுபட்டுச் செஞ்சு குடுத்தீங்க. அதப் போயி நொட்டம் சொல்றதுங்களா?”

இதை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளாவிட்டாலும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நன்றியோடு இருக்கிற நோயாளி நமக்கு எதையும் சொல்ல மாட்டார். கை கூப்பிக் கும்பிடுகிறவரிடம்தான் நாம் அதிகமாகத் துருவித் துருவிக் கேட்க வேண்டும். சிடுசிடுக்கிற நோயாளி நமக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்திவிடுகிறார். எனக்கு அவர்களைத்தான் பிடிக்கும்.

டாக்டரம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சிவந்துவிட்டது. தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். அன்றைக்கு நெடுநேரம் ஆங்கிலத்திலேயே இருந்தார். பிறகு இறங்கி வந்து, “துணி நெகிழும். நெகிழ்ந்தால் கால் ஆடும். ஆடினால் அவள் விழுவாள். நான் அவள் காலைப் பார்க்கிற டாக்டர், அவள் மாமியாரைப் பார்க்கிற டாக்டர் இல்லை” என்றார்.

“காலு அவளோடதுங்க. நடக்கப்போற ஊடு மாமியாருதுங்களே” என்றேன்.

அவர் என்னை முறைத்தார். அந்த முறைப்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு நல்லதுதான் நடக்கும். அவர் சொன்னது தவறு என்று நினைத்துவிடாதீர்கள். தோல் இருக்கிற இடத்தில் துணி வைத்தால் பிடிப்பு குறையும் என்பது உண்மை. முழுக்கப் பத்திரமான கால் செருப்புகளோடு வாசலில் கிடக்கும், கொஞ்சம் பத்திரம் குறைந்த கால் வீட்டுக்குள்ளே நடக்கும். இரண்டில் எதைக் கொடுப்பது? எந்தப் புத்தகத்தில் இதற்கு விடை இருக்கிறது, சொல்லுங்கள். டாக்டரம்மாவே கடைசியில் ஒரு வழி சொன்னார். தோல் காலையும் அவள் வைத்துக்கொள்ளட்டும், காட்டுக்கும் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் அது. வீட்டுக்குத் தனியாக ஒன்று செய்யலாம். ஆக, வெளிக்கால் ஒன்று, வீட்டுக்கால் ஒன்று. வார்டில் மயிலாத்தாளை மூணு காலுக்காரி என்று கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள், ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

தொடையில் கட்டுவதற்குச் சாதாரணத் துணி எதுவும் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் மில்லில் இயந்திரங்களை ஓட்டுகிற பெல்ட்டுகளை ஒட்டுப்போடுகிறவர். கனத்த நூலில் பல மடிப்பாக நெய்த கான்வாஸ் பெல்ட் அது. சாப்பிடும்போது இந்தக் கதையைச் சொல்லிப் புலம்பினேன். “மில்லையே இழுக்குது, ஒரு பொம்பளைப் புள்ளை காலை இழுக்காதா?” என்றார். மேஸ்திரியிடம் கேட்டுக் கழித்துப்போட்ட துண்டு ஒன்றை வாங்கி வந்தார். துவைத்து, எண்ணெய்க் கறை போகக் கொதிக்க வைத்து, துளைக்கண் வைத்து, நாடா கோத்தோம். நெகிழத்தான் செய்தது. ஆகையால் நடையைவிட முடிச்சைத்தான் அவளுக்கு அதிகமாகப் பழக்கினேன். நெகிழ்ந்தது தெரிந்தால் நில், பதறாதே, நின்றபடியே இழுத்து முடி. கண்ணை மூடிக்கொண்டும் முடிகிற வரைக்கும் விடவில்லை. வராந்தாவையும் விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த மேடு பள்ளத்தில்தான் பழக்கம்.

பாதத்தை ஆஸ்பத்திரித் தச்சர் மரத்திலேயே செதுக்கினார், அடியில் பழைய டயர் ரப்பர். முடிக்கப் போகிற நேரத்தில் மயிலாத்தாள் என் காதில் ஒன்று கேட்டாள். “டீச்சருங்க, ரெண்டாவது வெரல மட்டும் தனியா வெட்டி உடுவாங்களாங்க?” எனக்குப் புரியவில்லை. வேலை கிடக்கிற கிடப்பில் அழகு வேறு கேட்கிறதா என்று நினைத்தேன். அவள் தன்னுடைய நல்ல காலைக் காட்டினாள். அந்த விரலில் மெட்டி இருந்தது.

தச்சர் முணுமுணுத்துக்கொண்டே விரலைப் பிரித்துக் கொடுத்தார். அந்த வாரம் வந்த குமாரசாமி புதுக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்தான். காலெடுத்த அன்றைக்கு நர்ஸ் கழற்றிக் கொடுத்த மெட்டி அதில் இருந்தது. அத்தனை மாதமும் இடுப்பிலேயே முடிந்து வைத்திருக்கிறான். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து மர விரலில் அதை மாட்டினான். பேசாதவன் மனதில் ஒன்றும் இல்லை என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, தச்சருக்கும் வந்தது, அவர் மரத்தூள் என்று சொன்னார்.

பட்டிப் பொங்கலன்று நான் போயிருந்தேன். அவள் நடையைப் பார்த்து வந்து சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா அனுப்பினார். மயிலாத்தாள் சில நாள் முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். உலக்கை போகிற வீட்டுக்குள்ளே அவள் காலும் போயிற்று, அதில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் சித்தப்பா வந்திருந்தார். பெண் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரை மாடு பார்க்கிற சாக்கில் கூட்டி வந்திருந்தார். இன்றைக்குப் பானை ஏறாவிட்டால் இன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிடுவது என்பது அவர் கணக்கு.

பட்டியைச் சுற்றிக் கிளுவை வேலி. வாயிலில் மூங்கில் படல். நான் படலுக்கு வெளியே நின்றேன். மாமியார் படலுக்கு உள்ளே, வேலியை ஒட்டி ஒதுங்கி நின்றார், அவரும் அன்றைக்கு அடுப்புப் பக்கம் போகக் கூடாதே. எங்களுக்கு நடுவில் அந்தப் படல்தான். கொம்புக்கு வண்ணம் பூசின காளைகள் மணியை ஆட்டிக்கொண்டு நின்றன. நடுவில் மூன்று கல் கூட்டி அடுப்பு. பானையை இடுப்பில் வைத்துப் பட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அடுப்பில் ஏற்றுவது அந்த வீட்டு வழக்கம்.

மயிலாத்தாள் புதுச் சேலையில், தண்ணீரும் பாலும் நிரம்பிய பானையோடு நடந்தாள். குளம்புப் பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் காலை வைத்தாள். பாதிக்கு மேல் சுற்றி வந்துவிட்டாள். அங்கே நின்றாள்.

எனக்கு உடனே புரிந்தது. முடிச்சு நெகிழ்ந்துவிட்டது. இன்னும் ஓர் அடி வைத்தால் கால் திரும்பிக்கொள்ளும், பானையோடு விழுவாள். என் தொண்டை வரைக்கும் சத்தம் வந்துவிட்டது. கத்தியிருந்தால் என்ன ஆகும்? பூசை நடுவில் வெளியிலிருந்து ஒரு குரல், அதுவும் என் குரல். அதைவிட, அவளுக்கு நடக்கத் தெரியாது, டீச்சர் சொன்னால்தான் தெரியும் என்று அத்தனை பேருக்கும் நானே சொன்னதாகிவிடும். கற்றுக் கொடுத்தாயிற்று, இனி அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் படலைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். கர்த்தரே கர்த்தரே என்று உள்ளுக்குள் அரற்றினேன்.

அவள் பதறவில்லை. அவ்வளவு கூட்டத்தில் புருஷனைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க மாமா, இந்தப் பானையச் சித்தெப் புடிங்க.”

குமாரசாமி ஓடிவந்து வாங்கிக்கொண்டான். அவள் எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, சேலைக்குள் கையை விட்டு நாடாவை இழுத்து முடிந்தாள். காலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பானையை வாங்கிக்கொண்டு மறுபடி நடந்தாள்.

சித்தப்பா விட்டுவிடுவாரா? “பாத்தீங்களாங்க அண்ணி? பானைய அவங்கிட்டக் குடுத்துப்போட்டா. தனியாத் தூக்கி வரோணுமின்னுதானே பேச்சு!”

நான் மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேலி ஓரத்திலிருந்தே, பட்டி முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசினார். அந்தம்மாளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“ஏனுங்க கொழுந்தனாரே, நான் வாக்கப்பட்டு வந்து மொதப் பொங்கலுக்குப் பானையக் கீழ போடப் பாத்தேன். ரெண்டு காலோடதான் வந்தேன். உங்க அண்ணந்தானுங்க ஓடியாந்து புடிச்சாரு. நீங்களும் அப்ப நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? அன்னிக்கு ஆரும் அவருக்கு இன்னொரு பொண்ணுப் பாக்கலீங்களே?” பிறகு குரலை இறக்காமலே, “மரக்காலுன்னா வரலாமுன்னு நாந்தானுங்க சொன்னேன். நான் குடுத்த வாக்கு அது. மாடு பாக்க வந்தவிய பொங்கலச் சாப்புட்டுப்போட்டுப் போகட்டும்” என்றார்.

எல்லாரும் அடுப்புப் பக்கம் திரும்பினார்கள். பானை ஏறியிருந்தது. மயிலாத்தாள் தீயைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பால் பொங்கி வழிந்தது, குலவைச் சத்தமும் மாட்டு மணிச் சத்தமுமாகப் பட்டியே அதிர்ந்தது. மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். படலுக்கு இந்தப் பக்கம் நானும் அழுதேன்.

கிணற்றுத் தோலைச் சொல்லி அன்றைக்கே நான் மடக்கியிருந்தால் இந்தம்மாள் இப்படிப் பேசியிருப்பாரா? மாட்டார். அவர் வாயால் வந்த வார்த்தை என்பதால்தான் அதைக் காப்பாற்ற அவரே நின்றார். நமக்கு எதிரில் நிற்கிறவர்களுக்கும் நல்லவர்களாக இருக்க ஓர் இடம் விட்டு வைக்க வேண்டும். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் அதுதான்.

சாப்பாடு ஆரம்பித்தது. பட்டிக்குள்ளே வரிசையாக உட்கார்ந்தார்கள். எனக்கு வழக்கம்போல வெளியே இலை வரும் என்று வேலி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இருந்தது. அவளுக்கு உள்ளே போக வழி செய்துவிட்டு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

படலைத் தள்ளிக்கொண்டு மயிலாத்தாளே வந்தாள். கையில் இரண்டு இலைப் பொங்கல். ஒன்றை என் முன்னால் வைத்தாள். இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து, மரக்காலை நீட்டிக்கொண்டு என்னோடு தரையில் உட்கார்ந்தாள்.

“என்னம்மா இது? உள்ள போயி உன் சனத்தோட உக்காரு. எல்லாரும் பாக்கறாங்க” என்றேன். உண்மையாகவே பயந்தேன். இப்போதுதான் கரை ஏறியிருக்கிறாள்.

“பாக்கட்டுமுங்க” என்றாள். “உள்ள போறதுக்குத்தானுங்க பழக வேண்டியிருந்துச்சு. வெளிய வாரதுக்கு என்னங்க பழக்கம்?”

ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். சித்தப்பா தலையை உயர்த்தினார். மாமியார் படலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏங்கண்ணு” என்று கூப்பிட்டார் மாமியார். “டீச்சருக்கு வெறும் பொங்கலையா போட்ட? நெய்யெடுத்துக்கிட்டுப் போயி ஊத்து.”

மயிலாத்தாள் கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். உள்ளே போய் நெய்க்கிண்ணத்தோடு திரும்பி வந்து என் இலையில் தாராளமாக ஊற்றினாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் டாக்டரம்மா முதல் கேள்வியாக அவள் நடை எப்படி இருந்தது, எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று கேட்டார். அதைப் பார்த்து வரத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவள் எனக்காக உள்ளே போய்த் திரும்பி வந்தபோது காலைப் பார்க்கவே மறந்துவிட்டேன்.